தையல்நாயகியின் வலது காது

நல்லம்பட்டினத்தில் பிரெஞ்சுக்காரன் கொடி பறந்துகொண்டிருந்த காலத்தில், மாட்டுத் தரகன் அங்கமுத்துவின் மகள் தையல்நாயகிக்குக் காது கேட்காது, வாய் பேச வராது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவளுடைய வலது காது பேசும் என்பது, அவளுக்கு ஏழு வயது முடிந்து, ஒரு வெள்ளிக்கிழமை தலைக்கு ஊற்றிவிட்டு அவள் அம்மா செங்கமலம் சாம்பிராணிப் புகை காட்டக் குனிந்த அன்றைக்குத்தான் தெரிந்தது. "அடியே கமலம், ஒரு குவளை மோர் இருக்குமாடி?" என்று பக்கத்து வீட்டு ராசம்மாளின் குரல் மிக அருகில் கேட்டது. "தீந்துபோச்சுக்கா, நாளைக்கு வா" என்று பதில் சொல்லிவிட்டு ஈர முடியைக் கோதிக்கொண்டிருந்த செங்கமலத்துக்கு, ராசம்மாள் பேதியில் போய் நாலு வருஷம் ஆகிறதே என்பது அப்புறம்தான் உறைத்தது. சாம்பிராணித் தட்டைக் கீழே வைத்துவிட்டு மகளின் வலது காதில் தன் காதை ஒட்டி வைத்தாள். உள்ளே மழை பெய்துகொண்டிருந்தது, யாரோ கன்றுக்குட்டியைத் திட்டினார்கள், செங்கமலமே எப்போதோ பாடிய தாலாட்டு பாதியில் நின்று, அடுப்பில் என்னவோ பொங்கி வழிகிற சத்தம் வந்தது.

அந்தப் பிள்ளை பிறந்த நாள் முதல் அதன் பக்கத்தில் யார் என்ன பேசினார்களோ, எது கத்தியதோ, எது விழுந்து உடைந்ததோ, அத்தனையும் அந்தக் காதுக்குள் போய் வெளியே வர வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது என்று ஊர் ஒரு முடிவுக்கு வந்தது. அதற்கு மேல் யாரும் ஆராயவில்லை. கிணற்றில் ஊற்று எங்கிருந்து வருகிறது என்று யார் கேட்கிறார்கள், இறைத்துக் குடிக்கிறோம், அவ்வளவுதான்.

சந்தையிலிருந்து வந்த அங்கமுத்துவும் காது வைத்துக் கேட்டான். மதியச் சாப்பாட்டைக்கூட மறந்து, வெயில் சாய்கிறவரை பிள்ளையின் பக்கத்தில் குந்தியிருந்தான். செத்துப்போன அவன் அப்பாவின் இருமல் வந்தது. அவனே யாரோ ஒருவனிடம் கிழட்டு எருதை இளங்காளை என்று சத்தியம் பண்ணுகிற குரல் வந்தது. அவன் தேடியது மட்டும் வரவில்லை.

"எல்லார் குரலும் இருக்கு கமலம்," என்றான், எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டே. "இதோட குரல் மட்டும் இல்லியே."

அங்கமுத்துவுக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். தெருவில் மற்ற பிள்ளைகள் அப்பன்மாரைக் கண்டதும் கத்திக்கொண்டு ஓடிவருவதைப்போல, இதுவும் ஒரே ஒரு தடவை "அப்பா" என்று கூப்பிட வேண்டும். அதற்காக வைத்தீசுவரன் கோயிலுக்கு நடந்து போனான், பிள்ளையின் பெயரே அங்கிருக்கிற அம்மனின் பெயர்தான், நாகூர் தர்காவில் தண்ணீர் ஓதி வாங்கினான், மாதா கோயிலில் மெழுகில் செய்த காது ஒன்றை வாங்கி வைத்தான். மூன்று பக்கமும் கேட்டு வைத்தால் யாராவது ஒருவர் காதிலாவது விழாதா என்றுதான்.

ஆனால் ஒரு விஷயத்தை அவன் யாரிடமும் சொன்னதில்லை, செங்கமலத்திடம்கூட. அந்தப் பிள்ளை அவனோடு பேசிக்கொண்டுதான் இருந்தது.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்கிற வழக்கம் கிடையாது. வாங்குகிறவன் கையும் தரகன் கையும் ஒரு துண்டுக்குள் போகும். உள்ளே விரலைப் பிடித்து விலை சொல்வார்கள். பெருவிரலை அழுத்தினால் கொடு என்று அர்த்தம், உள்ளங்கையைச் சுரண்டினால் வேண்டாம், கையை மொத்தமாக மூடிப் பிடித்தால் பேரம் முடிந்தது. மேலே முகங்கள் இரண்டும் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு வெற்றிலை மென்றுகொண்டிருக்கும். துண்டில்லாமல் வெட்டவெளியில் விரல் காட்டிய தரகனைச் சந்தையில் ஒருவரும் சேர்ப்பதில்லை, அவன் நிற்கிற பக்கம் திரும்பவும் மாட்டார்கள். இது எழுதி வைத்த சட்டமில்லை. எழுதி வைத்த சட்டத்துக்கு யார் பயப்படுகிறார்கள்?

பிள்ளை தவழ்வதற்கு முன்பே அங்கமுத்து அதை மடியில் வைத்துக்கொண்டு சந்தையில் உட்கார்ந்திருப்பான். துண்டுக்குள் அதன் கையும் இருக்கும். ஒருநாள் பசித்தபோது அது அவன் பெருவிரலை அழுத்தியது. பிறகு சுண்டுவிரல் அம்மா ஆனது, மோதிரவிரல் மழை ஆனது, மணிக்கட்டை வருடினால் கன்றுக்குட்டி. அவன் உள்ளங்கையில் மாட்டுக் கயிறு அறுத்த பழைய தழும்பு ஒன்று குறுக்கே ஓடும். பிள்ளை அந்தத் தழும்பின் மேல் நுனிவிரலால் ஒரு கோடு இழுத்தால் அது அவனைக் குறிக்கும். ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை அது அந்தக் கோட்டை இழுக்கும், முதலில் கோடு, பிறகுதான் மழையோ கன்றோ. அவனுக்கு அது புரியும். ஆனால் அதைக் கூப்பிடுவது என்று அவன் ஒருநாளும் கணக்கில் எடுத்ததில்லை, ஏனென்றால் அதில் சத்தம் இல்லை. வெளியே சொல்லவும் முடியாது, சந்தை விரலில் பெற்ற பிள்ளையோடு பேசுகிறான் என்று தெரிந்தால் சிரிப்பார்கள், தொழில் ரகசியத்தை வீட்டுக்குக் கொண்டுபோனான் என்று ஒதுக்குவார்கள். அதனால் வீட்டிலும் துண்டு போட்டுக்கொண்டுதான் பேசினான். துண்டுக்குள் நடப்பதைக் கேட்கக்கூடாது என்பது தரகன் பெண்டாட்டிக்குத் தெரியாதா, செங்கமலமும் கேட்கவில்லை.

காது பேசுகிற செய்தி பரவியபின் வீட்டு வாசலில் கூட்டம் சேர்ந்தது. அந்தக் காலத்தில் அக்கரைத் தீவுக்குக் கரும்பு வெட்ட ஒப்பந்தத்தில் ஆள் ஏற்றிப் போகும் கப்பல்கள் நல்லம்பட்டினத்திலிருந்துதான் புறப்படும். துறைமுகத்துக்குப் போகிற பாதை சந்தையை ஒட்டிப் போயிற்று. போனவர்கள் யாரும் திரும்பவில்லை. ஆனால் போகிறபோது சந்தையோரம் நின்று அழுதவர்கள், தைரியம் சொன்னவர்கள், கடைசியாக வெற்றிலை கேட்டவர்கள், அத்தனை பேர் குரலும் அந்தப் பிள்ளையின் காதில் ஏறியிருந்தது. பனங்கிழங்கு விற்கிற அஞ்சலாட்சி முதல் ஆளாக வந்தாள். அவள் மகன் மாசிலாமணி கப்பலேறி ஐந்து வருஷம் ஆகியிருந்தது, துறைமுகத்திலிருந்து ஒருமுறை ஓடிவந்து பிடிபட்டு மறுபடியும் ஏற்றிவிடப்பட்டவன். குனிந்து காது வைத்தாள். நெடுநேரம் ஆடும் மாடும் கத்திய பிறகு, "வந்துர்றேம்மா, நீ போய்ச் சோறு தின்னு" என்று மகன் சொன்னது கேட்டது. அன்றையிலிருந்து தினமும் கூடையை இறக்கி வைத்துவிட்டு அதைக் கேட்ட பிறகுதான் அவள் சோறு தின்றாள்.

ஊர் எதையும் சீக்கிரம் பழகிக்கொள்ளும். பிள்ளையின் பக்கத்தில் கண்டதையும் பேசக்கூடாது, உள்ளே போய்விடும் என்று பெண்கள் ஒருவருக்கொருவர் எச்சரித்தார்கள். மாமியாரைத் திட்டுவதற்கு நாலு வீடு தள்ளிப் போனார்கள். பங்காளிச் சண்டையில் யார் முதலில் கை ஓங்கினான் என்று பார்க்கக் காது வைத்தார்கள். பள்ளிவாசல் ஹஜ்ரத், தனக்கு ஓதச் சொல்லிக்கொடுத்த உஸ்தாத் ஓதியது கிடைக்குமா என்று வந்து, கிடைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். பாதிரியார், இது அற்புதமா பாவமா என்று மேலிடத்திலிருந்து பதில் வருகிறவரை யாரும் கேட்கக்கூடாது என்று பிரசங்கம் பண்ணிவிட்டு, தான் மட்டும் ஒருமுறை வந்து கேட்டார். பிறகு கப்பலேறப் போகிறவர்களே நேராக வர ஆரம்பித்தார்கள். மூட்டை முடிச்சோடு வரிசையில் நின்று, பிள்ளையின் காதில் வாயை வைத்து, பெண்டாட்டிக்கு ஒரு வார்த்தை, ஆத்தாளுக்கு ஒரு வார்த்தை, பிறக்கப்போகிற பிள்ளைக்கு ஒரு வார்த்தை என்று போட்டு வைத்துவிட்டுக் கப்பலுக்குப் போனார்கள்.

தையல்நாயகிக்கு இது எதுவும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் முகங்கள். புகையிலை நாற்றத்தோடு வந்து கன்னத்தில் ஒட்டுகிற முகங்கள், கழுத்தில் வழிகிற அடுத்தவர் கண்ணீர், தலையை அசைக்காதே என்று தாடையைப் பிடிக்கிற கைகள். எல்லோரும் அவள் காதைப் பார்த்தார்கள். அவள் கையை ஒருவரும் பார்க்கவில்லை. காதைச் சுற்றி எப்போதும் சுட்டது. அப்பாவின் மடியில் துண்டுக்குள் கையை விட்டு, தழும்பில் கோடு இழுத்து, பிறகு உள்ளங்கையைச் சுரண்டினாள்.

வேண்டாம்.

அங்கமுத்து ஒரு விரலைப் பிடித்தான். இன்னும் ஒரே ஒருத்தர்.

அவள் மறுபடி சுரண்டினாள். அவன் மறுபடி ஒரு விரலைப் பிடித்தான். அவனைக் கெட்டவன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சந்தையில் முதல் சுரண்டலை யாரும் மறுப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அது பேரத்தின் ஆரம்பம், சுரண்டாமல் எவனும் மாடு வாங்கியதில்லை. வாழ்க்கை முழுக்க வேண்டாம் என்று சுரண்டிய கைகளைச் சரி என்று மூட வைத்தே பிழைத்தவனுக்கு, பிள்ளை நிஜமாகவே வேண்டாம் என்று சொல்கிறது என்பது மண்டையில் ஏறவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஆஸ்பத்திரிக்கு வெர்னியே துரை வந்து சேர்ந்தார். ஒல்லியான மனிதர், அதிர்ந்து பேசமாட்டார், பாதிரிமாரிடம் படித்த தமிழைக் கல்வெட்டுப்போலப் பேசுவார். அவர் அறையில் ஒரு கிழவரின் படம் மாட்டியிருந்தது. பாரிஸ் பட்டணத்தில் அந்தக் காலத்தில் ஊமைப்பிள்ளைகளுக்கென்றே இருந்த பள்ளிக்கூடத்தின் வைத்தியர் அவர், தன்னுடைய குருவுக்கும் குரு என்று துரை சொன்னார். காட்டில் விலங்கோடு விலங்காகத் திரிந்த ஒரு பையனைப் பிடித்துக்கொண்டு வந்தபோது, இது மிருகம், இதற்குப் புத்தி வராது என்று எல்லோரும் கைவிட, அந்தக் கிழவர்தான் வருஷக்கணக்காகப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கிண்ணம் பாலைக் காட்டிக்காட்டி, பால் என்கிற ஒரு சொல்லை அவன் வாயிலிருந்து வரவழைத்தாராம். ஊமை என்றும் மந்தம் என்றும் தள்ளிவிட்ட பிள்ளைகளுக்கும் பாடம் சொல்லிக்கொடுக்க முடியும் என்று உலகத்துக்குத் தெரிந்ததே அதற்குப் பிறகுதான். அதே கிழவர், செவிட்டுக் காதுகளில் சூடு வைத்தார், அட்டை விட்டார், சவ்வைக் குத்தினார், எத்தனையோ பிள்ளைகள் துடித்தன. கடைசியில், செத்த காதுக்கு மருந்தில்லை, பேசுகிற கை இருந்தால் அதைப் பேச விடுங்கள் என்று சொல்லிவிட்டாராம்.

இதையெல்லாம் ஆஸ்பத்திரியில் கட்டுப்போடுகிற சவரிராயன்தான் அங்கமுத்துவிடம் சொன்னான். "துரைக்கு அந்தக் கிழவர் வாக்குதான் வேதம்ணே. ஆனா ஒம்மொவ காது செத்த காது இல்லியே. உள்ள இவ்வளவு சத்தம் ஓடுது. அடைப்பு எடுத்தா வாய்க்கு வந்துரும்னு துரை நெனைக்கிறாரு."

வாய்க்கு வந்துவிடும் என்ற சொல்லை அங்கமுத்து வீடு வரைக்கும் முனகிக்கொண்டே நடந்தான்.

ஊரும் அதற்குச் சம்மதித்தது. முதலில், குரல்கள் போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்தார்கள். ஆனால் காதில் இருப்பது வாய்க்கு வந்துவிட்டால் குனிய வேண்டாம், வரிசையில் நிற்க வேண்டாம், உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்கலாம் என்று யாரோ சொன்னதும், அதுவும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. பிள்ளைக்கு வலிக்குமா என்று அஞ்சலாட்சி மட்டும் கேட்டாள். கேட்டுவிட்டு, அன்றைய குரலைக் கேட்கக் குனிந்தாள்.

செங்கமலத்துக்கு மனம் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் புறப்படுகிற காலையில் அவன் வழியை மறித்தாள்.

"ஏங்க, ஒங்களுக்கும் அவளுக்கும் துண்டுக்குள்ள என்னமோ இருக்கு. நான் ஒருநாளும் கேட்டதில்ல. இன்னைக்குக் கேக்குறேன். அது என்னன்னு தொரைகிட்டச் சொல்லிருங்க."

"ஒண்ணுமில்ல. வெளையாட்டு."

"வெளையாட்டுக்கா அவ கை நீங்க வந்ததும் அப்புடித் துடிக்குது? எங்கிட்ட அப்புடித் துடிக்கலியே."

"வழிய விடு கமலம்."

"அவ வாய் தெறந்து ஒங்கள அப்பான்னு கூப்புடணும், அவ்வளவுதானே?" என்றாள் செங்கமலம். அழுதுகொண்டே வழியை விட்டாள்.

ஆஸ்பத்திரி முன்வாசலில் ஊரே நின்றது. சந்தைத் தரகர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், நடுவில் அவர்களுக்கெல்லாம் பெரியவரான வேம்பையன் தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். வெர்னியே துரை பிள்ளையின் காதில் தன் காதை வைத்து நெடுநேரம் கேட்டார், நாடி பார்த்தார், பிறகு அங்கமுத்துவின் பக்கம் திரும்பினார்.

"ஐயா, உம்மிடம் ஒன்று கேட்க வேண்டும். நன்றாக யோசித்து விடை கூறும். இக்குழந்தைக்கு உம்மோடு ஏதேனும் மொழி உண்டா? வாய்மொழியை நான் கேட்கவில்லை. கைமொழி, விரல்மொழி, எதுவாயினும் சரி. உண்டு என்றால் நான் காதைத் தொடமாட்டேன். அது என் குருநாதரின் கட்டளை. அக்கையையே பள்ளிக்கூடமாக்கிப் பாடம் சொல்லுவேன்."

பிள்ளையின் கை அங்கமுத்துவின் கையைத் தேடி வந்தது. துண்டு அவன் தோளில்தான் கிடந்தது. அதை எடுத்து இரண்டு கைகளின் மேலும் போட்டால், அவ்வளவுதான், துரைக்கு எல்லாம் புரிந்துவிடும். வேம்பையனுக்கும் புரிந்துவிடும். இனிமேல் எந்த முகத்தோடு சந்தைக்குள் போவது என்று நினைத்தான். கையே போதும் என்று துரை சொல்லிவிட்டால், "அப்பா" என்கிற அந்தச் சத்தம் இந்த ஜென்மத்தில் கிடையாது என்றும் நினைத்தான். இந்த இரண்டில் எது பெரியதாக இருந்தது என்று பின்னாளில் அவனுக்கே சொல்லத் தெரியவில்லை.

"இல்லீங்க தொரை. இதுக்கு ஒண்ணும் தெரியாது."

சவரிராயன் பிள்ளையை உள்ளே தூக்கிப் போனான். காதைத் தொடாமல் இருக்க அவள் கைகளைத் துணியால் பலகையோடு சேர்த்துக் கட்டினார்கள். வெள்ளியில் செய்த மெல்லிய ஊசி ஒன்றைத் துரை விளக்கில் காய்ச்சினார். அங்கமுத்து கதவருகே நின்றான். பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாமல் கீழே பார்த்தபோது, கட்டியிருந்த கையின் விரல் நகங்கள் பலகையைச் சுரண்டுவது தெரிந்தது. சுரண்டிக்கொண்டே இருந்தன. அந்தச் சத்தம் அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது, ஆனால் அது ஒரு சொல் என்று ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். முதல் சுரண்டல்தானே, முடிவில் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான், பாவி.

ஊசி இறங்கியது. இரத்தம் கொஞ்சம்தான் வந்தது. அதன்பின் குரல்கள் வந்தன.

ஏழு வருஷத்துக் குரல்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே பாய்ந்து, ஆஸ்பத்திரி முற்றத்தில் சுழன்று, தெருக்களில் இறங்கி ஓடின. மோர் கேட்கிற ராசம்மாள் போனாள், இருமிக்கொண்டு அங்கமுத்துவின் அப்பா போனார், ஓதிக்கொண்டு உஸ்தாத் போனார், விற்றுப்போன மாடுகளின் கழுத்து மணிகள் போயின, கப்பலேறியவர்கள் மொத்தமாகக் கும்பல் கும்பலாகப் போனார்கள், பிறக்கப்போகிற பிள்ளைகளுக்குச் சொன்ன வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டே. ஒன்றுகூடப் பிள்ளையின் வாய்ப் பக்கம் வரவில்லை. ஊர் சனம் பானையும் சட்டியும் எடுத்துக்கொண்டு ஓடியது. தங்கள் வீட்டுக் குரல் வருகிற திசையில் பானை வாயைக் காட்டி, உள்ளே போனதும் துணியால் வேடு கட்டினார்கள். முந்தானையில் முடிந்தவர்களும் உண்டு. அஞ்சலாட்சியிடம் கூடை மட்டும்தான் இருந்தது. "வந்துர்றேம்மா, நீ போய்ச் சோறு தின்னு" என்று சொல்லிக்கொண்டே மகன் குரல் அவள் தலைக்கு மேல் கடந்து துறைமுகப் பாதையில் போக, "தம்பி, நில்லுடா, ஒரு நிமிசம் நில்லுடா" என்று மணலில் விழுந்து எழுந்து ஓடினாள். குரல் தண்ணீரில் இறங்கிவிட்டது. அவள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், வலைக்காரர்கள்தான் இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

மறுநாள் வேடு அவிழ்த்துப் பார்த்தபோது பானைகளில் வழக்கமாகப் பானைக்குள் இருக்கிற காற்றுதான் இருந்தது.

காது காலியான பிறகு ஊர் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. வந்த ஒன்றிரண்டு பேரும், உன்னால்தான் எல்லாம் போயிற்று என்று அங்கமுத்துவைச் சொல்லிவிட்டுப் போனார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து, இறங்கி, மறுபடி ஏறி, எலும்பும் தோலுமாகப் பிழைத்தது. துரை அதன் பக்கத்தைவிட்டு நகரவில்லை. தான் தோற்கவில்லை, கதவு திறந்தாகிவிட்டது, இனி வாயைப் பழக்கவேண்டியதுதான் என்றார். உண்மையாகவே நம்பினார். பாசமும் வைத்திருந்தார். அதுதான் கொடுமை.

"என் குருநாதர் பால் என்னும் சொல்லில் தொடங்கினார்," என்றார். "நாமும் அவ்விதமே தொடங்குவோம்."

அங்கமுத்து கும்பிட்டான். "தொரை, மொதல் வார்த்த அப்பான்னு இருக்கட்டுங்க. இந்த ஒண்ணுதான் கேக்குறேன்."

துரை யோசித்தார். ஒரு தகப்பனின் ஆசைதானே என்று ஒப்புக்கொண்டார்.

அப்படித்தான் அந்தப் பாடம் ஆரம்பமானது. பிள்ளைக்குக் கை நுனியைத் தைத்து மூடிய சட்டை போட்டார்கள், வாயைத் திறக்காமல் கையைக் காட்டிப் பாலைக் கேட்டுவிடக் கூடாதென்று. எதிரே ஒரு டம்ளர் பால். துரை அவள் உள்ளங்கையைத் தைத்த துணியோடு தன் தொண்டையில் வைத்து, உதட்டைக் காட்டி, "அப்பா" என்பார். அவள் உதட்டைச் சேர்த்துப் பிரித்தால் ஒரு வாய். சத்தம் வந்தால் அரை டம்ளர். ஒன்றும் வராவிட்டால் சவரிராயன் பாலை எடுத்துக்கொண்டு போய்விடுவான். போகும்போது அவன் அழுதான் என்று சொல்வார்கள், ஆனாலும் எடுத்துக்கொண்டுதான் போனான். செங்கமலம் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்தே கிடந்தாள். உள்ளே விட்டால் பெற்றவர்களைப் பார்த்ததும் பிள்ளை கையை நீட்டும் என்று அவளையும் அங்கமுத்துவையும் விடவில்லை. முதலில் தைத்த சட்டைக்குள் அந்த விரல்கள் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தன. பிறகு எப்போதாவது அசைந்தன. மழைக்காலம் போய், பனிக்காலம் போய், மாமரம் பூத்த சமயத்தில் ஒருநாள், விரல்கள் சும்மா கிடக்க, வாய் திறந்து கரகரப்பாக, தெளிவாக, "அப்பா" என்றது. முழு டம்ளர் பால் கிடைத்தது.

அதன்பின் துரை அந்த ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பேச வராத பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் திறந்தார். பல ஊர்களிலிருந்து பிள்ளைகள் வந்தன. வீட்டில் கட்டிப்போட்டிருந்தவை, மாட்டுக்கொட்டகையில் கிடந்தவை, பெயர்கூட வைக்காமல் விட்டவை. அவற்றுக்குப் பாயும் சோறும் பெயரும் கிடைத்தது, சிலது எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது. இதையும் சொல்லத்தான் வேண்டும். சொல் முதலில், பால் பிறகு என்பது அங்கே வழக்கமாகிவிட்டது.

தையல்நாயகி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கு அங்கமுத்து கதவைச் சாத்திவிட்டு, பிள்ளையை எதிரே உட்கார வைத்து, துண்டை விரித்து, அதற்குள் அவள் கையைப் பிடித்தான். சுண்டுவிரலைத் தொட்டான். மோதிரவிரலைத் தொட்டான். மணிக்கட்டை வருடினான். கன்று போட்டிருக்கிறது, பார்க்க வருகிறாயா என்று அவனுக்குத் தெரிந்த எல்லா வழியிலும் கேட்டான். முதல் தடவை சந்தைக்கு வந்த பட்டணத்து ஆளின் கைபோல அது சும்மா இருந்தது. தன் உள்ளங்கையை அவள் விரலுக்கடியில் வைத்து, தழும்பு படும்படி அசைத்தான். அவள் துண்டைப் பார்த்தாள், அதற்குள் டம்ளர் இருக்குமோ என்று தூக்கிப் பார்த்தாள், பிறகு கையை இழுத்துக்கொண்டாள்.

அடுத்த சந்தை நாளில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனான். வாய் திறந்த அதிசயத்தைப் பார்க்கச் சனம் கூடிவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் பசு வாங்க வந்திருந்த வெர்னியே துரையும் சவரிராயனோடு நின்றார். அங்கமுத்து நடுச் சந்தையில், மாடுகளுக்கும் மனிதர்களுக்கும் மத்தியில், மகளுக்கு எதிரே மண்டியிட்டான். தோளிலிருந்த துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். வெறும் கையை நீட்டினான். அவள் பெருவிரலை அழுத்திக் காட்டினான், சுண்டுவிரலைப் பிடித்தான், எல்லோரும் பார்க்க, பட்டப்பகலில்.

"டேய் அங்கமுத்து, துண்டப் போடுடா!" என்று வேம்பையன் கத்தினார். அவன் போடவில்லை. பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு ஒவ்வொரு தரகனாக முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள்.

துரை மட்டும் அருகே வந்தார். அந்த விரல்களைப் பார்த்தார்.

"இது என்ன?"

"அதாங்க தொரை, நீங்க கேட்டது."

"எப்போதிலிருந்து?"

"தவழ்றதுக்கு முந்தியேங்க," என்றான் அங்கமுத்து. "நெறையப் பேசுவா. மழை வருதும்பா. கன்னுக்குட்டியப் பாக்கணும்பா. இந்தா, இந்தத் தழும்புலதான் என்னயக் கூப்புடுவா தொரை. தெனமும் கூப்புடுவா. எனக்குத்தான் அது வெளங்கல."

துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அங்கமுத்து தன் உள்ளங்கையை மகளின் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தான். வெயிலில் அந்தத் தழும்பு வெள்ளையாகத் தெரிந்தது. தையல்நாயகி அதைப் பார்த்தாள். விரித்த கையைப் பார்த்தால் ஏதோ தர வருகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும், ஆனால் கை காலியாக இருந்தது. அவள் வாயைத் திறந்தாள்.

"அப்பா."

சனம் ஓவென்று கத்தியது. "கூப்புட்டுட்டா! அப்பனக் கூப்புட்டுட்டா!" என்று பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ அங்கமுத்துவின் முதுகில் தட்டினார்கள். முதுகைக் காட்டி நின்ற தரகர்களில்கூட இரண்டொருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் ஒவ்வொருவர் கையாகப் பார்த்துக்கொண்டு வந்தவள் சவரிராயனின் கைகளில் கண்ணை நிறுத்தினாள், அங்கே டம்ளர் இல்லை. மறுபடி, இன்னும் உரக்கச் சொன்னாள்.

அங்கமுத்து எழுந்து, துண்டைத் தரையிலேயே விட்டுவிட்டு, சந்தை ஓரத்தில் பால் விற்கிறவளிடம் போய் ஒரு டம்ளர் வாங்கி வந்தான். அவள் இரண்டு கையாலும் பிடித்து, மூச்சு விடாமல் குடித்தாள். குடித்து முடித்து டம்ளரை அவனிடம் நீட்டினாள்.

"அப்பா," என்றாள், டம்ளரைப் பார்த்து.

அங்கமுத்து இன்னொரு டம்ளர் வாங்கப் போனான்.